வரம் கொடுத்தவனே பறிக்கலாமா?

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் நம் மேசைகளில் ஒரு திருட்டு நடக்கிறது. அதற்கு வைத்திருக்கும் மரியாதையான பெயர் ‘பேலன்ஸ்’.

கதாபாத்திரங்கள் பத்தாம் லெவலைத் தாண்டும்வரை டிஎம் நல்லவராகத்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்குப் பயம் வந்துவிடுகிறது. இரவெல்லாம் விழித்துத் தயாரித்த டிராகன் இரண்டே சுற்றில் செத்துப்போகிறது. அடுத்த வாரம் அதைவிடப் பெரிய டிராகன். அதுவும் செத்துப்போகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து அவர் கைவரிசையைக் காட்ட ஆரம்பிக்கிறார்.

ஆடிப் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டு இது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் டஞ்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம். உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. என்ன செய்யப்போகிறோம் என்று ஆடுபவர் சொல்வார், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். ஜெயிக்க ஜெயிக்க லெவல் ஏறும், மொத்தம் 20. “இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை?” என்று கேட்பீர்கள். ஒரு கதையின் முடிவை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இலக்கியத்துக்கு வெளியே இருக்கிறதா என்ன?

திருட்டு மூன்று வகைப்படும். முதல் வகை, எதிரியின் ஹிட் பாயிண்டை ஆட்டத்தின் நடுவில் ரகசியமாக ஏற்றுவது. இரண்டாவது, விஸார்ட் எந்த மந்திரத்தை நம்பியிருக்கிறாரோ அதே மந்திரம் பலிக்காத எதிரியை வாராவாரம் கொண்டுவந்து நிறுத்துவது. மூன்றாவது, “இந்தக் கோட்டைக்குள்ள மந்திரமே வேலை செய்யாது” என்று காரணமில்லாமல் கதவைச் சாத்துவது. மூன்றின் நோக்கமும் ஒன்றுதான். ஆடுபவர்கள் ஒன்றரை வருஷம், சனிக்கிழமைதோறும் ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் கிடந்து வந்து சம்பாதித்த சக்தியை, அவர்களிடம் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வது.

“கணக்கே தப்பா இருக்கு, நான் என்ன பண்றது?” என்பது டிஎம்களின் வழக்கமான பதில். சரி, கணக்கையே பார்ப்போம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேட்டில், ஒரு மோதல் எவ்வளவு கடினம் என்று அளக்க அட்டவணை இருக்கிறது. 17ஆம் லெவலில் நான்கு பேருக்கு ‘மரண ஆபத்து’ என்ற எல்லை 35,200 புள்ளியில் தொடங்குகிறது. வளர்ந்த செந்நிற டிராகன் ஒன்றின் மதிப்பு 18,000 புள்ளி. அது ‘நடுத்தரம்’ என்ற வகுப்பில்தான் விழும். 256 ஹிட் பாயிண்ட், பறக்கும், நெருப்பைக் கக்கும். இருந்தாலும் அந்த நான்கு பேருக்கு அது நடுத்தரம்தான். புத்தகம் இதை மறைக்கவில்லை. டிராகன் என்றதுமே, ‘இதுதான் உச்சக்கட்டம்’ என்று முடிவு செய்தவர் நம் டிஎம்.

அதே கையேட்டில் பலரும் தாண்டிப்போகும் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த நீண்ட ஓய்வுக்கும் நடுவில், நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறிலிருந்து எட்டுவரை ஒரு குழுவால் சமாளிக்க முடியும் என்பதுதான் அதன் கணக்கு. நம் மேசைகளில் என்ன நடக்கிறது? மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஆறு மணிக்கு எழுந்திருப்போம். பேச்சு, சிரிப்பு, நடுவில் மாமாக் கடையிலிருந்து வந்த மீ கோரெங் எல்லாம் போக, ஒரே ஒரு சண்டைக்குத்தான் நேரம் இருக்கும். சண்டை முடிந்ததும், “சரி, எல்லாரும் தூங்கி எழுந்தாச்சு.” எட்டு சண்டைக்குப் பங்கிட்டுச் செலவு செய்ய வேண்டியதை ஆடுபவர்கள் ஒரே சண்டையில் கொட்டுகிறார்கள். கொட்டாமல் என்ன செய்வார்கள்? மாதச் சம்பளம் முழுவதையும் ஒரே நாளில் செலவழிக்கலாம், நாளைக்கும் சம்பளம் வரும் என்றால் யார்தான் கணக்குப் பார்ப்பார்கள்?

2024இல் வந்த புதிய கையேடு இந்தக் கணக்கை எளிமையாக்கிவிட்டது. எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்கும் முறையை எடுத்துவிட்டது. ஆறு எட்டு என்ற பேச்சும் இல்லை. நல்லதுதான். ஆனால் ஒரு பகலில் எத்தனை மோதல், எங்கே ஓய்வு கிடைக்கும் என்பதை எந்தப் புத்தகமும் உங்களுக்காகத் தீர்மானிக்காது. அந்தச் சாவி டிஎம் கையில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் ஹிட் பாயிண்டில் கை வைப்பதைத்தான் நான் திருட்டு என்கிறேன்.

நான் ஆடிய ஒரு மேசையில் நடந்தது இது. எங்கள் ஃபைட்டரை ஆடியவருக்கு, அடித்த அடியை எல்லாம் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம். எதிரி ஒரு பிசாசுத் தளபதி. புத்தகத்தில் அதற்கு 300 ஹிட் பாயிண்ட். நோட்டில் 400 தாண்டியது. 450 தாண்டியது. “இன்னுமா சாகல?” என்று கேட்டோம். “ரொம்ப சோர்ந்து போயிருக்கான்” என்றார் டிஎம். கடைசியில் கிளெரிக் அடித்த எட்டே புள்ளி அடியில் அது விழுந்தது. அந்தக் கிளெரிக்கின் தங்கையைக் கொன்றது அந்தப் பிசாசுதான் என்பதால், அவர் கையால் விழுந்தால் கதை அழகாக இருக்கும் என்று டிஎம் நினைத்திருக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள். ஃபைட்டர் தட்டவில்லை. நோட்டை மூடிவைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் குறித்து நான் பார்த்ததில்லை. எந்த அடி அடித்தாலும் டிஎம் நினைக்கும்போதுதான் எதிரி சாகும் என்றால், எந்த அடி அடிக்கலாம் என்று யோசிப்பதற்கு என்ன அர்த்தம்?

“கதைக்காகத்தான் செய்தேன்” என்பவர்களிடம் நான் கேட்பது: யாருடைய கதைக்காக? முடிவை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நாவல் எழுதுங்கள், நானே வாசிக்கிறேன். நான்கு பேரை உட்காரவைத்து, கையில் பகடையைக் கொடுத்து, அந்தப் பகடைக்கு மதிப்பில்லை என்பதை மட்டும் மறைப்பது கதைசொல்லல் ஆகாது.

சக்தி மிகுந்தவர்களை வைத்துக் கதை சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் மகாபாரதத்தை ஒழுங்காகக் கேட்டதில்லை என்று அர்த்தம். உயர் லெவல் ஆட்டம் என்றால் அதுதான். கர்ணனுக்குக் கவச குண்டலம் இருக்கிறது, அது இருக்கும்வரை அவனைக் கொல்ல முடியாது. வியாசர் என்ன செய்தார்? ‘இந்தப் போர்க்களத்தில் கவசம் வேலை செய்யாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்திரன் அந்தணர் வேடத்தில் வந்து கேட்கிறான். வருவது யார் என்று சூரியன் முன்னாலேயே எச்சரித்துவிட்டான். தெரிந்தேதான் கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். பதிலுக்கு, ஒரே ஒரு முறை பயன்படுத்தக்கூடிய சக்தி ஆயுதம் கிடைக்கிறது. பறிப்புதான். ஆனால் பட்டப்பகலில், அவன் கண்முன்னால், அவன் சம்மதத்தோடு நடந்த பறிப்பு. அதனால்தான் அது கதையாகிறது.

அந்த ஆயுதத்தின் கதை என்ன ஆனது? அர்ஜுனனுக்காக வைத்திருந்ததை, பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் மேல் எறிய வேண்டியதாகிவிட்டது. கிருஷ்ணன் போட்ட கணக்கு அது. ஒன்பதாம் நிலை மந்திரத்துக்கான ஒரே ஸ்லாட்டை, கடைசி எதிரி வருவதற்கு முன்னாலேயே செலவழிக்க வைப்பது எப்படி என்று எந்த டிஎம்முக்காவது பாடம் வேண்டுமென்றால், அந்த ஒரு இரவு போதும். கர்ணனின் ஆயுதம் பொய்த்துப்போகவில்லை. முழு வீரியத்தோடுதான் பாய்ந்தது. எங்கே எறிவது என்பதில்தான் அவனுக்கு நெருக்கடி வந்தது.

மேசைக்கு வருவோம். 2014 புத்தகத்தில் தாராஸ்க் என்றொரு மிருகம் இருக்கிறது. சவால் மதிப்பு 30, அதாவது அட்டவணையின் உச்சி. 676 ஹிட் பாயிண்ட். ஆனால் அதற்குப் பறக்கத் தெரியாது, தூரத்திலிருந்து தாக்கவும் தெரியாது. பறக்கக்கூடிய ஒருவர் மந்திர வில்லோடு உயரத்தில் நின்றுகொண்டு ஒரு கீறல்கூட இல்லாமல் அதைக் கொன்றுவிடலாம். இதைக் கேட்டதும் நம் டிஎம் அதற்கு இறக்கை ஒட்டுவார். எதற்கு? ஒரு ஊரை அதன் காலடியில் வையுங்கள், போதும். ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது 6 விநாடி. வில்லால் அடித்துக் கொல்ல 50 சுற்று ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் எத்தனை தெரு மண்ணாகும்? மேலே நிற்பவரின் உயிருக்கு ஆபத்தே இல்லை. கீழே இருப்பவர்களை என்ன செய்வது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். இப்போது இறங்குவாரா, மாட்டாரா? அந்த மேசையில் எழும் அமைதியை எந்த ஹிட் பாயிண்டாலும் வாங்க முடியாது.

17ஆம் லெவல் கதாபாத்திரங்களுக்குச் சாவே பெரிய விஷயமில்லை. செத்தவரை எழுப்பும் மந்திரம் ஒன்பதாம் லெவலிலேயே கிளெரிக்கிடம் வந்துவிடுகிறது. ‘பிழைப்போமா?’ என்ற கேள்வி அங்கேயே காலாவதி. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் டிஎம்முக்கு மூச்சு வாங்குகிறது. அவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதைக் காப்பாற்றுவீர்கள், எதை விடுவீர்கள்?’ என்பது. இரண்டு வாசலில் ஒரே நேரத்தில் எதிரி வரட்டும். சடங்கு முடிய நான்கு சுற்றுதான் இருக்கட்டும். ஒற்றை டிராகனுக்குப் பதிலாக அதன் அடியாட்களும் சேர்ந்து வரட்டும், ஏனென்றால் தனி ஒரு எதிரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான்கு பேரின் முறைகளுக்கு முன்னால் அதன் முறைகள் குறைவு. எதிரி புத்திசாலியாக இருந்தால், போன மாதம் இவர்கள் போட்ட மந்திரத்தைக் கேள்விப்பட்டுத் தயாராகவும் வரட்டும். அது நியாயம்தான், எப்படித் தெரிந்துகொண்டான் என்று ஆடுபவர்கள் துப்புத் துலக்க முடிகிறவரை.

“இதெல்லாம் தலைவலி, பத்தாம் லெவலோடு கதையை முடிச்சிடலாம்” என்று ஒரு கட்சி இருக்கிறது. நேர்மையான கட்சி, திருடுவதைவிட மேல். கணக்கு கடைசிவரை சீராக நிற்க வேண்டும் என்பவர்களுக்கு 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பும் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தக் கடைசிப் படிகள் வேண்டும். ஒரு கிராமத்து எலியிடம் அடிவாங்கி ஓடிய ஆள், உலகத்தின் விதியை மாற்றும் ஒரு வாக்கியத்தைச் சொல்லும் நிலைக்கு வந்து நிற்கிறார். அந்த வாக்கியத்தை அவர் சொல்ல வாய் திறக்கும்போது “இல்லை, வேலை செய்யாது” என்று சொல்வதற்கா இவ்வளவு தூரம் கூட்டிவந்தோம்?

சில நேரம் டிராகன் இரண்டு சுற்றில் சாகும். சாகட்டும். அந்த நான்கு பேரும் அதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

டிஎம்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த சனிக்கிழமை, எதிரியின் ஹிட் பாயிண்டையும் அதற்கு எந்த மந்திரம் பலிக்காது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, மேசையின் நடுவில் வையுங்கள். மேலே ஒரு பகடையைப் பாரமாக வையுங்கள். சண்டை முடிந்ததும் பிரித்துக் காட்டுங்கள். இதைச் செய்யத் தயங்குகிறீர்கள் என்றால், உங்கள் மேசையில் பேலன்ஸ் என்ற பெயரில் நடப்பது என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.