கடல் நடுவே விற்கப்படும் சுகம்

கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. கீரனூரைச் சூழ்ந்த ஊர்களிலே மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒருவரையேனும் அனுப்பாத குடும்பங்கள் சிலவே. 1926-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னையினின்றும் நாகப்பட்டினத்தினின்றும் பினாங்குக்குச் சென்று வந்த நாளில், அதன் மேல்தளத்திலே பாய் விரித்துப் படுத்துச் சென்றோர் எண்ணிறந்தோர். அவர்களுக்குக் கப்பல் என்பது அக்கரை சேரும் வழி, அவ்வளவே. இக்காலத்திலோ கப்பலே சென்று சேருமிடமாகிவிட்டது. மக்கள் எங்கும் போவதற்காகவன்றிக் கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறுகின்றனர்.

இது பிற நாட்டுச் செல்வர் கதை என்று எண்ணற்க. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தினின்றும் 'கார்டீலியா' என்னும் கம்பெனியின் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் செல்லலாயிற்று. நம் கல்லூரியிற் பயின்று நல்ல உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞர், பெற்றோரை இத்தகைய பிரயாணத்துக்கு அழைத்துச் செல்வது இன்று அரிதன்று. ஆதலின் இவ்விஷயத்தை நம் வாசகர் சிறிது ஆராய்தல் தகும்.

இக்கப்பல்களிலே 'ஸ்பா' என்றொரு பகுதி உண்டு. உடம்பு பிடித்தல், நீராவிக் குளியல், முகத்துக்குப் பூச்சு, கடற்பாசிப் பற்று முதலியன அங்கே நடைபெறும். பல கப்பல்களில் இதனை நடத்துபவர் கப்பற் கம்பெனியார் அல்லர். இடத்தைக் குத்தகைபோற் பெற்று, வரும்படியிற் பங்கு கொடுக்கும் வேறொரு வியாபாரி. பஹாமாஸ் தீவிற் பதிவான 'ஒன்ஸ்பாவேர்ல்டு' என்னும் ஒரே கம்பெனி ஏறத்தாழ 200 கப்பல்களில் இத்தொழிலை நடத்துகின்றது. எனவே பிரயாணி கொடுக்கும் ஒரு ரூபாயில் இரு முதலாளிகளுக்கு இலாபம் கிடைத்தாக வேண்டும். விலை உயர்வதற்கும் வற்புறுத்தல் மிகுவதற்கும் இது முதற்காரணம்.

அவர்களது முறையைக் கேளுங்கள். கப்பலேறிய நாளன்றே இலவசமாகச் சுற்றிக் காட்டுவர். பரிசுச் சீட்டும் கொடுப்பர். மறுநாள் 'பாதவலி நீங்கும் வழி' என்பது போன்ற தலைப்பில் இலவசச் சொற்பொழிவு நிகழும். சொற்பொழிவின் முடிவிலே விற்பனை தொடங்கும். கப்பல் துறையில் நிற்கும்போது, பிரயாணிகள் ஊர் பார்க்கச் சென்றுவிடுவராதலால், விலையைக் குறைப்பர். நடுக்கடலில் ஓடும் நாளிலோ குறைக்கமாட்டார்.

சென்ற ஆண்டு சிங்கப்பூரிலுள்ள என் மகள் எங்களை நான்கு நாட் பிரயாணத்துக்கு அழைத்துச் சென்றாள். கப்பலின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி நெடுநாளாக உண்டு. பாதம் பார்ப்பது இலவசம் என்றதனால் அவள் சென்றாள். பின்னர் 50 நிமிஷம் பிடித்துவிடுதற்கு 150 டாலர் என்றனர். அவள் மேசைமேற் படுத்திருக்கையிலே, உடம்பில் நஞ்சு தேங்கியிருக்கின்றதென்றும், இரண்டு புட்டி தைலம் தவறாது பூசாவிடில் வலி முற்றிவிடுமென்றும் அப்பணிப்பெண் எடுத்துரைத்தாள். கப்பலிலே கையிற் காசு கொடுப்பதில்லை; அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டாற் போதும். கடைசி இரவு கணக்கு வந்தது. பிடித்ததற்கு 150, அதன்மேல் தாமாகவே சேர்த்துக்கொண்ட வெகுமதி நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 27, தைலத்துக்கு 120, ஆக 297 டாலர். மகள் ஒரு சொல்லும் சொல்லாமற் பணத்தைக் கட்டினாள். என் மனைவிதான் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. "வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையே" என்பதே அவள் வருத்தம். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெயும் சீயக்காயும் கொண்டு கீரனூர்க் கிணற்றடியிலே தலைமுழுகி வளர்ந்தவள் அவள்.

உடம்பு பிடிப்பதால் நன்மையே இல்லை என்பது என் கருத்தன்று. இறுகிய தசை தளரும். மனமும் சற்றே ஓயும். ஆனால் நஞ்சு நீங்கும் என்பதற்கு ஆதாரமில்லை. உடம்பிற் கழிவை அகற்றும் தொழிலை ஈரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன. அவை பழுதுற்றால் வேண்டுவது வைத்தியர், கடற்பாசி அன்று. பற்றுப் போட்டபின் இடை சிறுத்ததுபோலத் தோன்றுவது வியர்வையால் நீர் குறைந்ததனாலும் இறுகக் கட்டியதனாலுமேயாம், கொழுப்புக் கரைந்ததனாலன்று.

'விலைப்பட்டியல் வெளிப்படையாக இருக்கின்றது, விரும்பாதவர் போகாதிருக்கலாமே, இதில் வற்புறுத்தல் எங்கே?' என்று கேட்பாரும் உளர். கடைத்தெருவிற் சேலை விலை பேசுவதாயின் இவ்வினாப் பொருந்தும். அங்கே எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். நடுக்கடலிலோ அடுத்த கடை இல்லை. ஆடை களைந்து, கண்மூடி, தன் உடம்பையே பிறர் கையில் ஒப்படைத்துக் கிடப்பவர் வாணிகம் பேசும் நிலையில் இல்லை. நோய் தீர்ப்பவர் குரலில் ஒருவர் பேசினால் நாம் அதனை நம்புகின்றோம், நம்புவதே இயல்பு. அந்நம்பிக்கையை விற்பனைக்குப் பயன்படுத்துவதே குற்றம். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகர்க்கு வாணிகம் என்பது வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திற் காட்டும் அளவுகோல். அவ்வளவுகோலில் இவ்வியாபாரம் குறைபடுகின்றது.

ஆயினும் அப்பணிப்பெண்ணை நான் குறைகூறேன். அவளும் நம் நாட்டவளே. மறுநாள் கேட்டபோது, நிலையான சம்பளம் சிறிது, விற்பனையில் வரும் கமிஷனே பெரிது என்றாள். மாதக்கணக்காகக் கடலிலே நின்று, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவள் அவள். அவளை விற்கச் செய்யும் ஏற்பாட்டையே நாம் கண்டிக்கவேண்டும். பணியாளர்க்குப் போதிய சம்பளம், வெகுமதியும் சேர்ந்த முழு விலையை முன்னரே காட்டுதல், மேசைமேற் கிடப்பவரிடம் விற்பனை பேசாமை என்னும் மூன்றும் அமைந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

சட்டம் உதவாதா எனின், ஓரளவு உதவும். உணவுவிடுதிகள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கலாகாது என்று நம் நாட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டில் விதித்தது. அதனை டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. இக்கருத்து கப்பலுக்கும் பரவுதல் நன்று. ஆனால் உல்லாசக் கப்பல்களிற் பல பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கிச் செல்வன. அவற்றிலே நம் சட்டத்தின் கை எட்டுவது அரிது.

ஆகவே மாணவர்களே, உங்கள் பெற்றோரைக் கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்; அது அவர்கள் பெறத்தக்க இன்பமே. அழைத்துச் செல்லுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். வெகுமதி உட்பட மொத்தம் எவ்வளவு என்று எதனையும் கேட்டபின்னரே கையெழுத்திடுமாறு அவர்களுக்குச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்று கூறுதல் மரியாதைக் குறைவன்று என்பதையும் எடுத்துரையுங்கள். நம் முன்னோர் பாய் விரித்த தளத்தின் மேலே கடற்காற்று இன்றும் வீசுகின்றது. அதற்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை.