பதக்கம் சுடாது

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கினார். கைதட்டினோம். 2012-ல் லண்டனில் விஜய்குமார் வெள்ளி வாங்கினார். மறுபடி கைதட்டினோம். முதலாமவர் அப்போது ராணுவத்தில் மேஜர். இரண்டாமவர் சுபேதார். ஆக, நம் ராணுவத்துக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டு டி.வி.யை அணைத்துவிட்டோம்.

தெரியுமா, தெரியாதா என்பது இந்த இரண்டு வெள்ளியை வைத்துச் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பையனின் போட்டோவை வாசலில் பெரிசாக மாட்டி வைக்கிறதே பள்ளிக்கூடம், அங்கே போய்க் கடைசி பெஞ்ச் பையன் எத்தனை மார்க் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எல்லையில் கடைசி பெஞ்ச்காரனும் துப்பாக்கியோடுதான் நிற்கிறான். எதிரி வந்து, 'உங்க ஃபர்ஸ்ட் ரேங்க்கைக் கூப்பிடுங்க, அவரோட மட்டும்தான் சண்டை' என்று சொல்வதில்லை.

பி.காம். படித்தவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கணக்கு தெரியும். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து 72,400 ரைஃபிள் வாங்க நாம் ஒப்பந்தம் போட்டோம். 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 ரைஃபிள்களை அமேதியில் தயாரிக்க இன்னொரு ஒப்பந்தம். நல்லது. பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள்தான் அலைவது? ஆனால், புது இயந்திரம் வாங்கும் எந்த முதலாளியும் அடுத்து ஒரு கேள்வி கேட்பான்: 'இதை ஓட்டுகிறவனுக்கு என்ன பயிற்சி?' அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் ஒவ்வொரு ஜவானும், ஒவ்வொரு அதிகாரியும், ஓடிக்கொண்டும் ஒளிந்துகொண்டும் கடிகாரத்துக்கு எதிராகச் சுடுகிற போட்டியில் வருஷம் முழுக்கக் கலந்துகொள்ள வேண்டும். மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்ட வேண்டும். கோடிகளில் வாங்கும் எந்த ஆயுதத்தையும்விட இது மலிவான ஆயுதம்.

இதற்கு நம் ஆட்கள் தோளில் சுமந்த ஒரு சாட்சியே இருக்கிறது.

1899 டிசம்பர் 15. தென்னாப்பிரிக்காவில் கொலென்ஸோ. பிரிட்டிஷ் ராணுவம் ஆற்றைக் கடக்கப் பார்க்கிறது. எதிரே பதுங்கு குழிகளில் போயர்கள். பெரும்பாலும் விவசாயிகள். யூனிஃபார்ம் கிடையாது, பரேடு கிடையாது. சின்ன வயதிலிருந்து மான் வேட்டையாடிப் பழகிய கையும் கண்ணும் உண்டு. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 1,100 பேர். போயர் தரப்பில் ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை.

அந்தக் காயம்பட்டவர்களைத் தூக்கியது யார்? முப்பது வயது பாரிஸ்டர் ஒருவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. ஆமாம், நம் காந்திதான். சுமார் 1,100 பேர் கொண்ட படை. அதில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். சில நாட்களில் இருபது, இருபத்தைந்து மைல் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து நடந்தார்கள். அதில் எத்தனை பேர் நம்மூர்க்காரர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கொலென்ஸோ தோல்விக்குக் குறி மட்டும் காரணமில்லை. தளபதி சொதப்பினார், பீரங்கியைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லாம் சரி. ஆனால், நான் சொல்ல வருவது வேறு. பிரிட்டனில் அப்போது துப்பாக்கி சுடும் போட்டி இல்லாமலா இருந்தது? 1860-லேயே விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கி வைத்தாயிற்று. 1890-லிருந்து பிஸ்லியில் வருஷா வருஷம் திருவிழா. கோப்பைகள், பதக்கங்கள், விருந்துகள். படுத்துக்கொண்டு, காற்றின் திசை பார்த்து, நிதானமாக மூச்சைப் பிடித்து, தூரம் தெரிந்த பலகையைச் சுடுவார்கள். கொலென்ஸோவில் எதிரி கண்ணிலேயே படவில்லை. தூரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. நிதானத்துக்கு நேரமும் இல்லை.

ஆகவே போட்டி இருந்தால் மட்டும் போதாது. எதற்கான போட்டி என்பதுதான் கேள்வி.

அடிபட்ட பிறகு பிரிட்டிஷ்காரர்கள் புத்தியாக ஒரு காரியம் செய்தார்கள். ஹைத் என்ற ஊரில் இருந்த துப்பாக்கிப் பள்ளிக்கு நார்மன் மக்மஹோன் என்ற அதிகாரி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 'மெஷின்கன் நிறையக் கொடுங்கள்' என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி, மனுஷனையே மெஷின்கன் ஆக்குவோம் என்று இறங்கினார். 300 கஜ தூரம், ஒரு நிமிஷம், பதினைந்து குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய லீ என்ஃபீல்டு ரைஃபிள். நடுவில் தோட்டாவும் நிரப்ப வேண்டும். நன்றாகச் சுடுகிறவனுக்குச் சம்பளத்தில் கூடுதல் காசு. சிப்பாய்கள் பாரக்கில் உட்கார்ந்து காலி ரைஃபிளை வைத்துக்கொண்டு பழகினார்கள்.

1914 ஆகஸ்ட் 23. பெல்ஜியத்தில் மான்ஸ். ஒரு பாலத்தைக் காத்து நின்ற பட்டாலியனுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே மக்மஹோன். ஒரு பட்டாலியனுக்கு இரண்டே இரண்டு மெஷின்கன்தான் அப்போது. ஆனால், வந்து விழுந்த குண்டுகளைப் பார்த்து, எதிரே மெஷின்கன் வரிசையாக நிற்கிறது என்று ஜெர்மானியர்கள் நினைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் ஊதிப் பெருக்கிய கதை என்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. பாதியைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதே பெரிசு. பதினைந்து வருஷத்தில், காசு அதிகம் செலவில்லாமல், ஒரு ராணுவம் தன் விரலைச் சரிசெய்துகொண்டது. மக்மஹோன் அதே வருஷம் நவம்பரில் போர்க்களத்தில் செத்துப்போனார்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

1950-களின் கடைசி. கலிஃபோர்னியாவில் பிக் பேர் என்ற மலை ஊர். மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர் அங்கே கைத்துப்பாக்கிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். சினிமா கௌபாய் மாதிரி ஒற்றைக் கையால், இடுப்பிலிருந்து படபடவென்று சுடுவதுதான் அன்றைய ஃபேஷன். ஜாக் வீவர் என்று ஒரு போலீஸ்காரர் வந்தார். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்தார். கண் மட்டத்துக்குத் தூக்கினார். குறி பார்த்துச் சுட்டார். ஜெயித்துக்கொண்டே இருந்தார். சிரித்தவர்கள் அடுத்த வருஷம் அவரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். அந்தப் பிடியை எஃப்.பி.ஐ. அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1982-ல்! போட்டி மைதானத்தில் ஒரு சீசனில் தெரிந்துவிட்ட விஷயம், ஃபைல் வழியாக நகர இருபது வருஷத்துக்கும் மேல் ஆயிற்று.

இதே கூப்பர்தான் 1976-ல் ஐ.பி.எஸ்.சி. என்கிற சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்புக்கு முதல் தலைவர். அவர்களுடைய போட்டி எப்படி என்று கேளுங்கள். பீப் என்று ஒரு சத்தம். ஓட வேண்டும். சுவருக்குப் பின்னாலிருந்து, ஜன்னல் வழியாக, குனிந்து, ஒருக்களித்துச் சுட வேண்டும். நடுவில் தோட்டா மாற்ற வேண்டும். சுடக்கூடாத அட்டைகளும் நடுநடுவே நிற்கும். அப்பாவி மாதிரி. அதில் பட்டால் பத்து மார்க் கட். துப்பாக்கியின் வாயைத் தப்பான பக்கம் திருப்பினால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த பி.காம்.காரனுக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் மார்க் போடும் முறை. வாங்கிய புள்ளியை, எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். 'ஹிட் ஃபேக்டர்' என்று பெயர். பன்னிரண்டு குண்டு, அறுபது புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானசாமி அறுபதுக்கு அறுபது வாங்குகிறார், பதினைந்து விநாடியில். ஹிட் ஃபேக்டர் 4. அவசரசாமி எட்டே விநாடியில் முடித்துவிடுகிறார். ஆனால், இரண்டு குண்டு குறியில் படவில்லை. பட்ட பத்துக்கு ஐம்பது, தவறியதற்கு அபராதம் இருபது போக மிச்சம் முப்பது. ஹிட் ஃபேக்டர் 3.75. மூன்றாமவர் பத்து விநாடியில் 52 புள்ளி எடுக்கிறார். 5.2. ஜெயித்தது அவர்தான். வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று யாரும் லெக்சர் அடிக்க வேண்டாம். வகுத்தல் கணக்கே சொல்லிக்கொடுத்துவிடும்.

சிப்பாய்க்குத் தேவை இந்தக் கணக்குதான். தாமதமாகச் சுட்டால் அவன் செத்தான். தவறிச் சுட்டால் யாரோ ஒருவர் செத்தார். ஊருக்குள் நடக்கும் மோதலில் அந்த 'யாரோ' பெரும்பாலும் ஜன்னலோரம் நின்ற பெண்ணாகவோ, பால் வாங்கப் போன பையனாகவோ இருந்து தொலைக்கிறது. மனித உரிமை பேசுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். நன்றாகச் சுடத் தெரிந்தவன் குறைவாகச் சுடுவான். பயந்தவன்தான் மேகஸினையே காலி செய்வான்.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம்.

'விளையாட்டு வேறு, யுத்தம் வேறு. போட்டியில் யாரும் திருப்பிச் சுடுவதில்லையே?' உண்மைதான். நீச்சல் குளத்தில் முதலை இல்லை. அதற்காக ஆற்றில் இறங்கப் போகிறவனுக்கு நீச்சல் வேண்டாம் என்பீர்களா? போட்டி யுத்த தந்திரத்தைக் கற்றுத்தராது. சகாவைக் காப்பாற்றக் கற்றுத்தராது. கையும் கண்ணும் யோசிக்காமல் வேலை செய்யக் கற்றுத்தரும். அப்போதுதான் மூளை மற்றதை யோசிக்க முடியும். நூறு பேர் பார்க்க, பீப் சத்தத்துக்காகக் காத்திருக்கும்போது வருகிற படபடப்பு, குண்டு பாய்கிற பயம் ஆகாது. ஆனால், தனியாகப் படுத்துக்கொண்டு பலகையைச் சுடும்போது அதுகூட வருவதில்லையே.

'குண்டுக்கு ஆகிற செலவு?' போட்டிக்காரர்களைக் கேளுங்கள். பாதிப் பயிற்சி காலித் துப்பாக்கியில்தான், வீட்டுச் சுவரைப் பார்த்து. தினம் பத்து நிமிஷம். செலவு பூஜ்யம். மக்மஹோனின் சிப்பாய்கள் செய்ததும் அதுதான்.

'ட்ரோன் காலத்தில் ரைஃபிள் எதற்கு?' இது நாகரிகமான கேள்வி. 2022-க்குப் பிறகு உக்ரைனில் என்ன நடந்தது? தலைக்கு மேல் பாய்ந்து வரும் சின்ன ட்ரோனை விழுத்த, சிப்பாய்கள் ஷாட்கன்னைத் தூக்கினார்கள். பறக்கிற பொருள், கையில் இருப்பது சில விநாடி. ராத்தோர் ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய டபுள் ட்ராப் என்ன விளையாட்டு? ஒரே சமயத்தில் பறக்கும் இரண்டு தட்டுகளைச் சுடுவது. விளையாட்டு என்று ஒதுக்கியது கடைசியில் எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

'நம்மிடம் போட்டியே இல்லையா?' இருக்கிறது. பட்டாலியன்களுக்கு இடையில் நடக்கிறது. விஜய்குமாரைத் தயார்செய்த மௌ ராணுவத் துப்பாக்கிப் பிரிவு மாதிரி நல்ல நிறுவனமும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் இதே மாதிரிப் பிரிவை 1956-ல் ஐஸன்ஹோவர் காலத்தில் தொடங்கியதும் சர்வதேசப் பதக்கத்துக்காகத்தான். ஆனால், அந்தப் பிரிவு பிறகு சாதாரணப் படைப்பிரிவுகளின் சிப்பாய்களுக்கு வகுப்பெடுக்க வந்தது. நடைமுறைச் சுடுதலுக்குத் தனி அணியும் வைத்தது. சாம்பியனே வாத்தியார். மௌவின் சாம்பியன்களும் பதக்கம் வாங்கிய கையோடு கடைசி பெஞ்சுக்கு வர வேண்டும் என்கிறேன். 2022-ல் வந்த அக்னிபத்தில் சேர்கிற பையனுக்கு மொத்தமே நாலு வருஷம். பயிற்சியும் அதற்குள்தான். அவன் என்றைக்குக் கற்றுக்கொள்வான்?

உண்மையான தடை காசும் இல்லை, ட்ரோனும் இல்லை. மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நேற்றுச் சேர்ந்த சிப்பாய் மேலே இருப்பான். கர்னல் சாகிப் நாற்பதாவது இடத்தில் இருப்பார். கடிகாரத்துக்குத் தோளில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணத் தெரியாது. எந்த ராணுவத்துக்கும், ஏன், நம் எந்த ஆபீஸுக்கும் பிடிக்காத விஷயம் இது. நாற்பதாவது இடத்தில் இருக்கும் கர்னல், 'தம்பி, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு' என்று அந்தச் சிப்பாயிடம் போய் நின்றால், அந்தப் பட்டாலியனை யாராலும் அசைக்க முடியாது. பட்டியலைக் கிழித்துப் போட்டால், எத்தனை லட்சம் ரைஃபிள் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

அடுத்த ஒலிம்பிக்ஸில் பதக்கம் வரட்டும். நானும் எழுந்து நின்று கைதட்டுவேன். தட்டி முடித்ததும் உங்கள் எம்.பி.யிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார், கடைசி பெஞ்ச் பையன் போன வருஷம் எத்தனை குண்டு சுட்டான், அதில் எத்தனை பட்டது?'

அவருக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை கேட்பதற்குள் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.