நகரசபைப் படியும் பார்லிமெண்ட் வாசலும்

ஒருவர் முனிசிபல் கவுன்சிலில் தொடங்கிப் பார்லிமெண்ட் வரை போனார் என்றால், அவருடைய சாமர்த்தியத்தையும் யோகத்தையும் பற்றிப் பேசுவதே முதலாளித்துவப் பத்திரிகைகளின் வழக்கம். நாம் வேறு இரண்டு கேள்விகள் கேட்கிறோம். அவரை மேலே ஏற்றியது எது? ஏறிய பின் அவர் யாருக்காகப் பேசினார்? குமரி மாவட்டத்தின் அனுபவம் இவ்விரண்டுக்கும் பதில் தருகிறது.

ஏ. நேசமணி 1895-ல் விளவங்கோடு தாலுகாவில் பள்ளியாடியை அடுத்துப் பிறந்தவர். சட்டம் படித்து 1921-ல் நாகர்கோவில் கோர்ட்டில் தொழில் தொடங்கினார். மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்ற வக்கீல்களுக்கு முக்காலி என்றிருந்த கோர்ட் அது. அந்த முக்காலிகளை அவர் காலால் தள்ளிவிட்ட கதையைக் குமரி மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள். 1940-களில் அவர் நாகர்கோவில் நகரசபைத் தலைவரானார். திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக் காலம் அது. சொத்தும் வரியுமே வாக்குரிமையைத் தீர்மானித்த காலம். நகரசபையின் அதிகாரமோ வெகு குறைவு. ஆனாலும் குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஜனங்கள் நேரில் வந்து சண்டை பிடிக்கக்கூடிய ஒரே சபை அதுதான்.

ஆனால் அவரைத் தில்லிக்கு ஏற்றியது நகரசபை நாற்காலி அல்ல. மக்கள் இயக்கமே அவரை ஏற்றியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தமிழர்களின் காங்கிரஸ் 1945-ல் நாகர்கோவிலில் தோன்றிற்று. 1947-ல் நேசமணி அதில் சேர்ந்தார். 1948-ல் வயது வந்தோர் வாக்குரிமையுடன் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதியில் பெருவெற்றி பெற்றது. முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதி நேசமணியை லோக்சபைக்கு அனுப்பிற்று.

அந்த வெற்றிக்கு மக்கள் கொடுத்த விலையை மறக்கலாகாது. 1954-ல் திரு-கொச்சி சட்டசபையில் 19 ஸ்தானங்களே கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரசின் தயவில் பட்டம் தாணுபிள்ளை தலைமையில் மந்திரிசபை அமைத்தது. தமிழ்நாடு காங்கிரசுக்கு 12 ஸ்தானங்கள். அவ்வருஷம் ஜூலையில் நேசமணியும் தோழர்களும் மூணாறில் தடையை மீறிக் கைதானார்கள். ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் ஊர்வலங்களின் மீது சுட்டார்கள். உழைத்துப் பிழைக்கும் சாதாரண மக்கள் மாண்டார்கள். அப்போது சிறையிலிருந்த அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று கோரினார். மந்திரிசபை அசையவில்லை. 1955 பிப்ரவரியில் அது கவிழ்ந்தது.

1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. ஆனால் தேவிகுளமும் பீருமேடும் சேரவில்லை. அங்கிருந்த தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் கூறிய காரணங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து அந்த மலைக்கு விலை உண்டாக்கிய தொழிலாளியை, அந்த மண்ணின் குடியாகக் கணக்கில் எழுத மனமில்லை! உழைப்பாளியை அரசாங்க ஏடுகள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

நேசமணி நமது இயக்கத்தைச் சேர்ந்தவரல்லர். இணைப்புக்குப் பின் அவரது கட்சி கலைந்து காங்கிரசில் கரைந்தது. காங்கிரஸ்காரராகவே அவர் 1957-ல் சென்னைச் சட்டசபைக்கும், 1962, 1967 தேர்தல்களில் லோக்சபைக்கும் போனார். 1967-ல் தமிழகத்தில் காங்கிரசுக்குக் கிடைத்த லோக்சபை ஸ்தானங்கள் மூன்றே. அதில் ஒன்று நாகர்கோவில். 1968 ஜூன் 1-ந் தேதி அவர் காலமானார். 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி காமராஜரைத் தேர்ந்தெடுத்தது.

ஆளும் கட்சியில் கரைந்ததை நாம் பாராட்டவில்லை. எல்லைக்கோடு மாறியது. ஆனால் நாஞ்சில் வயலில் கூலிக்கு நாற்று நட்டவளுக்கும், பனையேறிப் பிழைத்தவனுக்கும் எல்லை மாறியதாலேயே நிலமோ கூலியோ கூடிவிடவில்லை. அது வேறு போராட்டம். வேறு அமைப்பு தேவைப்பட்ட போராட்டம். ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நேசமணி தில்லியில் பேசியபோது அவருக்குப் பின்னால் ஒரு ஜனத்திரள் நின்றது. அந்தத் திரளுக்கு அவரைக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது.

இன்று அந்தப் படிக்கட்டின் கதி என்ன? ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது 1992-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தங்களின் கட்டளை. தமிழகத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷங்களுக்கு மேல் தனி அலுவலர்களின் தர்பார்! நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, உள்ளே மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கிராமங்களிலும் இதே கதைதான். 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், அங்கேயும் தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள்.

களியக்காவிளைக்கு அப்பால் பாருங்கள். 1996-ல் கேரளத்து இடதுசாரி சர்க்கார் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கிற்று. 2020 டிசம்பரில் 21 வயது மாணவி ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானார். அதே நாளில் நாகர்கோவிலில் சாக்கடை அடைத்துக்கொண்டால், முறையிட ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான்.

கவுன்சில் இல்லாத ஊரில் தலைவர்கள் எப்படி முளைக்கிறார்கள்? பணப்பையிலிருந்தும், சாதிச் சங்கத்துச் சிபாரிசிலிருந்தும், கட்சித் தலைமையின் வரவேற்பறையிலிருந்தும் முளைக்கிறார்கள். அப்படி வந்தவருக்கு வார்டு தெரியாது. வார்டுக்கு அவரைத் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திறந்த ஜீப்பில் கைகூப்பி வருவார். நகரசபையில் தண்ணீர்க் கணக்கைக் கேட்டுப் பழகாத ஜனங்கள், தில்லியில் பட்ஜெட் கணக்கை யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஆகவே நாம் கோருவது இதுதான். ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தனி அலுவலர் ஆட்சிக்கு முடிவு கட்ட வேண்டும். நிதியும் அதிகாரமும் கவுன்சிலுக்கு வர வேண்டும். வார்டுக் கமிட்டிகளும் பகுதி சபைகளும் ஏட்டில் அல்ல, தெருவில் கூட வேண்டும்.

இதைச் சர்க்கார் தானாகத் தந்துவிடாது. குமரி மக்கள் கையில் பெற்றுக்கொண்ட எதுவும் தானாக வந்ததல்ல என்பதற்கு மார்த்தாண்டமும் புதுக்கடையும் சாட்சி. எந்தக் கட்சியின் பிரதிநிதியாயினும் சரி, அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது, உள்ளூர் சபைக்கு நீர் என்ன செய்தீர் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு வாக்கைப் பற்றி யோசிக்கலாம்.