தப்புச் சத்தம்



தப்பு என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். பாடசாலைக் கலைவிழாவில் மகள் பரதம் ஆடினால் பெருமை. தப்பு எடுத்தால், "அது சாவுக்கு அடிக்கிறது, உனக்கு எதற்கு?" என்கிறோம். பெயரும் அப்படி அமைந்துவிட்டது!

நம் பாட்டிமாரை விடியுமுன் எழுப்பியது இந்தத் தப்புதான். பெரட்டுத் தப்பு கேட்டால் அடுப்பை அணைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையோடு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. பிறகு பல தோட்டங்களில் சங்கும் மணியும் வந்தன. ஆனால் மாசியில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் அதே தோல், அதே நெருப்பில் காய்ச்சிய அதே தப்பு. அடி மட்டும் வேறு.

வேலைக்கு விரட்டிய வாத்தியத்தையா ஞாபகமாக வைத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். யூத மக்களும் இதே கேள்வியைச் சந்தித்தவர்கள்தான். ஹிட்லரின் அவுஷ்விட்ஸ் முகாமில் 1943இல் கைதிப் பெண்களைக் கொண்டே ஓர் இசைக்குழு அமைத்தார்கள். காலையில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாசலில் நின்று அவர்கள் வாசிக்க வேண்டும். வியன்னாவின் வயலின் கலைஞர் அல்மா ரோசே அந்தக் குழுவை நடத்தினார். 1944 ஏப்ரலில் முகாமிலேயே இறந்துபோனார். வாசித்ததால் பல பெண்கள் உயிர் தப்பினார்கள்.

டெல் அவிவ் நகரில் வயலின் பழுதுபார்த்த அம்னொன் வைன்ஸ்டைனிடம், முகாமில் வாசித்த ஒரு வயலின் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சாம்பல். வெகுகாலம் அவரால் அந்த மாதிரி வயலின்களைத் தொட முடியவில்லை. 1990களில்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவற்றைத் தேடிச் சேர்த்தார். செப்பனிட்டு மீண்டும் மேடையில் வாசிக்கக் கொடுத்தார். 2024இல் அவர் காலமானார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்காமல் வாசிக்கக் கொடுத்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட கொடுமையோடு நம் கஷ்டத்தை நான் ஒப்பிடவில்லை. என்றாலும் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து செத்தவர்களுக்கு நம்மிடம் கல்லறை இல்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்திட்டார்கள். லயமும் நம் சொந்தம் இல்லை. தப்பு நம்முடையது.

வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதை ஒரு சாதியார் தலையில் கட்டினோம். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டோம், சமமாக உட்கார வைக்கவில்லை. அந்த வீட்டுப் பையன்கள் இன்று அடிக்க மறுத்தால் அது நியாயம். பள்ளிக்கூடத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும், பெண் பிள்ளையும் சேர்த்து, பழகட்டும்.

நாட்டார் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்துத் தந்துவிட்டுப் போனார். உங்கள் லயத்தில் தப்பு அடித்த பெரியவர் யாரும் இருந்தால், பெரட்டு அடி, சாவு அடி, காமன் கூத்து அடி என்று தனித்தனியாக அடிக்கச் சொல்லி, பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். முதலில் அவருக்கு உங்கள் வீட்டுக்குள்ளே நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுங்கள்.