கணக்குப்பிள்ளை வழியாகப் போகும் இணையம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளின் பையில் லேப்டாப் இருக்கும். வாரம் முழுக்கக் கல்லூரியில் நன்றாக ஓடிய லேப்டாப். ஊருக்குப் போய் அப்பாவின் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதில் ஒரு பக்கமும் திறக்காது. செல்போனில் மட்டும் எல்லாம் வரும். கடைக்குக் கொண்டுபோனால், ‘விண்டோஸ் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்’ என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இப்படித்தான் தன் ப்ராஜெக்ட் வேலை முழுவதையும் பறிகொடுத்தாள். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கல்லூரி ஆய்வகத்துக்காகப் போட்ட ப்ராக்ஸி முகவரி எடுக்கப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

ப்ராக்ஸி என்றால் என்னவென்று புரிய, நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியோ காகிதமோ எது வேண்டுமென்றாலும் வேலைக்காரர்கள் தாங்களே கடைக்குப் போவதில்லை. கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் அவர் வாங்கிவந்து தருவார். ப்ராக்ஸி சர்வர் செய்வதும் அதையேதான். யார் எதைக் கேட்டார்கள் என்று பேரேட்டில் எழுதிக்கொள்ளும், வேண்டாத தளத்தை மறுக்கும். எச்டிடிபிஎஸ் தளமானால் ஒட்டிய உறையைக் கொண்டுபோகிற மாதிரி. மேல் விலாசம் தெரியும், உள்ளே இருப்பது சாதாரணமாகத் தெரியாது. கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் வேண்டும். ஸ்க்விட் என்ற பிரபலமான ப்ராக்ஸி மென்பொருளில் அந்த எண் வழக்கமாக 3128. பல இடங்களில் 8080.

இந்த விலாசத்தைக் கம்ப்யூட்டருக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லா மென்பொருளுக்கும் சொன்னதாகிவிடும் என்று நம்புவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி என்றொரு பக்கம் உண்டு. குரோமும் எட்ஜும் அதைப் பார்த்து நடக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அதையும் பார்க்கும், தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளும். லிப்ரே ஆபீஸின் ஆப்ஷன்ஸில் இன்டர்நெட் என்பதற்குள் தனியாக ஒரு ப்ராக்ஸி பக்கம் இருக்கிறது. ப்ரோகிராம் எழுதும் பிள்ளைகள் பயன்படுத்தும் கிட் (Git) என்ற மென்பொருள், விண்டோஸ் செட்டிங்ஸைத் திரும்பியும் பார்க்காது. அதன் கான்ஃபிக்கில் தனி வரி எழுத வேண்டும். ஆய்வகத்தில் யூடியூப் ஓட, கிட் மட்டும் தொங்கி நிற்பது இதனால்தான். ஊருக்கு வந்து விண்டோஸில் ப்ராக்ஸியை அணைத்தபிறகும் கிட் அசையாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். ப்ராக்ஸி சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று வந்தால் கணக்குப்பிள்ளை அங்கே இல்லை என்று பொருள். வீட்டில் வருவது இது. 407 என்ற எண் வந்தால் அவர் இருக்கிறார், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறார். இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது. கிட் போன்றவற்றில் பெயர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுகிறோம். பாஸ்வேர்டு முடிந்து முகவரி தொடங்கும் இடத்தைக் காட்டுவது @ குறி. பாஸ்வேர்டு ‘கரிசல்@24’ என்பது போல இருந்தால் எந்த @ எதற்கென்று மென்பொருள் தடுமாறிவிடும். பாஸ்வேர்டுக்குள் இருக்கும் @ குறியை %40 என்று எழுதினால் சரியாகிவிடும். இப்படி எழுதிய பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் எவரும் படிக்கும்படி வெளிப்படையாக இருக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். வங்கிக்கும் இதற்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது.

இத்தனையையும் பிள்ளைகள் தலையில் கட்டுவது நியாயமில்லை. எந்தத் தளத்துக்கு எந்த வழி என்பதை ஒரே கோப்பில் எழுதிவைக்கும் ‘பேக்’ (PAC) முறையை நெட்ஸ்கேப் 1996-லேயே கொண்டுவந்துவிட்டது. லேப்டாப்பில் அந்தக் கோப்பின் விலாசத்தை மட்டும் கொடுத்தால் போதும். கல்லூரிக்கு வெளியே அந்தக் கோப்பு எட்டாதபோது பிரௌசர்கள் பெரும்பாலும் நேரடியாகவே இணையத்துக்குப் போய்விடும். ப்ராக்ஸி வைக்கிற கல்லூரியும் மில்லும் ஆபீஸும் இதைச் செய்துதர வேண்டும். கூடவே முகவரி, போர்ட், எந்த மென்பொருளில் எங்கே போடுவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்ட வேண்டும். கிட் இந்தப் பேக் கோப்பைப் படிக்காது. அதற்கான ஒரு வரியை வெள்ளிக்கிழமை எடுப்பதற்கும் திங்கட்கிழமை திரும்பப் போடுவதற்கும் உரிய கட்டளைகளையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.