ஆடுவோர் பலராகட்டும்

நம் பள்ளி நாட்களின் ஆண்டு விளையாட்டு விழா நினைவிருக்கிறதா, நண்பர்களே? வண்ணக் கொடிகள், அணிவகுப்பு, தலைவர் உரை, பரிசளிப்பு! நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனே நீளம் தாண்டுதலிலும் கோப்பை வாங்குவான். மற்றவர்களாகிய நாம் வெயிலில் உட்கார்ந்து கை தட்டினோம். விழா சிறப்புற நடந்ததாக ஆண்டறிக்கை கூறியது. ஆடியவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. அதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்கிறேன்.

விதிகளுக்குக் குறைவில்லை. எட்டாம் வகுப்பு வரை விளையாட்டுத் திடலும் கருவிகளும் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை உடற்கல்விக்கு என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-இல் விதித்தது. ஆனால், தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்குவது அந்தப் பாடவேளையைத்தானே!

பெரும் போட்டிகளும் டில்லிக்குப் புதியவை அல்ல. பள்ளிகளுக்கான சுப்ரதோ கால்பந்துக் கோப்பை 1960-இல் இங்கேதான் தொடங்கியது. கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகளும் 2018-இல் முதன்முதலாக இங்கே நடந்தன. அவை தேர்ந்த சிலருக்கு உரிய சிகரங்கள். பள்ளியின் கடமையோ அடிவாரத்தை அகலமாக்குவது.

வழி எளிது. ஒரு பள்ளியில் பதினாறு சடுகுடு அணிகள் என்று கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் 15 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். நான்கு நான்காகப் பிரித்து லீக் முறையில் ஆடவிட்டால் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. அரையிறுதி, இறுதி உட்பட மொத்தம் 27 ஆட்டங்கள். வாரத்துக்கு மூன்று வைத்தால் ஒன்பது வாரம். பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள மண்தரை போதும்!

காலமும் முக்கியம். டில்லியின் கார்த்திகை, மார்கழிக் காற்று நஞ்சாகிவிட்டது. நவம்பர், டிசம்பர் மாதப் பள்ளிப் போட்டிகளைக் காற்று நல்ல மாதங்களுக்கு மாற்றுவது பற்றிக் கவனிக்கும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே காற்றுத்தர ஆணையத்திடம் கூறியது. கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் தொடங்கினால், அக்டோபருக்குள் கோப்பையைக் கொடுத்துவிடலாம்.

ஓர் உடற்கல்வி ஆசிரியர் எத்தனை வேலை பார்ப்பார் என்று கேட்பீர்கள். கோடு போடுவது, புள்ளி குறிப்பது, நேரம் பார்ப்பது எல்லாவற்றையும் மாணவரிடமே ஒப்படைக்கலாம். ஓடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு பொறுப்பு கிடைக்கும். பத்துப் பேரை ஒன்று சேர்த்து ஒரு காரியத்தை நடத்துவதும் கல்விதான்.

நமக்கும் இதில் பங்குண்டு. 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்நகரில் ஏழு பள்ளிகள் உள்ளன. தலைமையாசிரியர்களின் இசைவு பெற்று, சனிக்கிழமைகளில் நம்மில் சிலர் அங்கே நடுவராக நிற்கலாகாதா? சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நாற்பது தொண்டர் சேர்கிறோம். ஜூலையில் ஏழு பேர் கிடைக்க மாட்டார்களா? முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.