பிள்ளைங்களுக்கு அறிவியல் வீடியோ காட்டுறதுக்கு முன்னால...

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டுல ஆரம்பப்பள்ளிப் பிள்ளைங்க இருக்கிறவங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம ஆலயத்துல ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும், அரை மணி நேரம் பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்கிற நாங்க யாரும் ஆசிரியர் இல்ல. தொழிற்சாலையில ஷிப்ட் பார்க்கிறவங்க, லாரி ஓட்டுறவங்க, வீட்டுல இருக்கிற அம்மாமாருங்க. எஸ்.பி.எம்.தான் எங்க பெரிய படிப்பு. அதனால வகுப்புக்கு வேண்டியதை இணையத்துலதான் தேடி எடுக்கிறோம். தேடுறது கஷ்டமே இல்ல. கைப்பேசியில தட்டினா ஆயிரம் வீடியோ வருது. எதை நம்பிப் பிள்ளைங்க முன்னால வைக்கிறதுங்கிறதுதான் பிரச்சினை. இதை நாங்க ஒரு தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டோம்.

ஒரு வாரம் விளக்குப் பரிசோதனை செஞ்சோம். தட்டுல கொஞ்சம் மஞ்சள் தண்ணி, நடுவுல அகல் விளக்கு, அதுமேல ஒரு கண்ணாடி கிளாஸைக் கவிழ்க்கணும். கொஞ்ச நேரத்துல விளக்கு அணையும், தண்ணி கிளாஸுக்குள்ள ஏறும். வீடியோவுல சொன்ன காரணத்தையே நாங்களும் சொன்னோம்: "விளக்கு உயிர்வளியைத் தின்னுடுச்சு, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணி வருது."

பிள்ளைங்க கை தட்டினாங்க. ஆண்டு 4 படிக்கிற ஒரு பாப்பா மட்டும் தட்டல. "அங்கிள், விளக்கு எரியும்போது தண்ணி ஏறலையே. அணைஞ்ச பிறகுதானே சர்ருனு ஏறுச்சு?"ன்னு கேட்டுச்சு.

எங்ககிட்ட பதில் இல்ல. "நேரமாச்சும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்"னு சொல்லிச் சமாளிச்சுட்டோம். அன்னிக்கு ராத்திரி மனசு கேட்கல. வீட்டுல திரும்பச் செஞ்சு பார்த்தா பாப்பா சொன்னதுதான் சரி. எரியும்போது உள்ள இருக்கிற காற்று சூடாகி விரியுது, கொஞ்சம் வெளியேயும் போயிடுது. விளக்கு அணைஞ்சதும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குது. அப்போ வெளிக்காற்றோட அழுத்தம் தண்ணியை உள்ள தள்ளுது. முக்கியமான காரணம் இதுதான். உயிர்வளி குறையுறது உண்மை, ஆனா அதுக்குப் பதிலா கரிவளி உண்டாகுது. உயிர்வளி முழுசா தீர்றதுக்கு முன்னாலேயே விளக்கும் அணைஞ்சுடும். இன்னொண்ணும் செஞ்சு பாருங்க. அதே கிளாஸுக்குள்ள மூணு சின்ன மெழுகுவர்த்தி வச்சா தண்ணி இன்னும் அதிகமா ஏறும். உயிர்வளி மட்டும்தான் காரணம்னா ஒண்ணு வச்சாலும் மூணு வச்சாலும் ஒரே அளவுதானே ஏறணும்? கிளாஸ் அதேதானே!

அடுத்த ஞாயிறு எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும், "போன வாரம் நாங்க சொன்னது தப்பு, இந்தப் பாப்பா கவனிச்சதுதான் சரி"ன்னு சொன்னோம். எங்களுக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்குப் பிறகுதான் வகுப்பே மாறுச்சு. இப்போ எல்லாப் பிள்ளைங்களும் கேள்வி கேட்கிறாங்க.

தொழிற்சாலையில ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து வர்ற சாமானைச் சோதிக்காம லைனுக்கு விட மாட்டோம். முதல் பீஸை அளந்து பார்க்காம மெஷினை ஓட்ட மாட்டோம். ஒரு திருகாணிக்கே இவ்வளவு பார்க்கிற நாம, பிள்ளைங்க மண்டைக்குள்ள போறதைப் பார்க்காம விடலாமா?

இன்னொரு சம்பவம். மதியம் 12 மணிக்கு நிழல் ரொம்பக் குட்டையா இருக்கும்னு ஒரு வெளிநாட்டு வீடியோவுல சொன்னாங்க. அன்னதானத்துக்குக் காத்திருந்த நேரத்துல பிள்ளைங்க ஆலய வாசல்ல ஒரு குச்சியை நட்டு, கால் மணிக்கு ஒரு தடவை நிழலை அளந்தாங்க. 12 மணிக்குக் குட்டையா இல்ல. 1.15 வாக்குலதான் ரொம்பக் குட்டை! காரணம் நம்ம கடிகாரம். நம்ம மணி 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பொருந்துற மணி. கோலாலம்பூர் பக்கம் இருக்கிறதோ ஏறக்குறைய 102 பாகையில. ஒரு பாகைக்கு 4 நிமிஷம்னா 18 பாகைக்கு 72 நிமிஷம். மாசத்துக்கு மாசம் கொஞ்சம் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். எங்க வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், 1982 தொடக்கத்துல தீபகற்பத்துல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி, சபா சரவாக்கோட ஒண்ணாக்கினாங்க. ஒரு குச்சியை வச்சு அறிவியல், கணக்கு, வரலாறு மூணும் அன்னிக்கு நடந்துச்சு.

இப்போ சொல்லப் போறதுக்குச் சில பேர் கோவப்படலாம். பரவாயில்ல. நம்ம ஆலயப் புலனக் குழுவுல "அறிவியல்"னு பேர் போட்டு வர்ற செய்திகள்ல பாதி அறிவியலே இல்ல. திருநள்ளாறு கோவிலுக்கு மேல வர்றப்போ சாட்டிலைட் மூணு விநாடி நிக்குது, நாசாவே சொல்லிடுச்சுன்னு வருஷக்கணக்கா ஒரு செய்தி சுத்துது. நாசா அப்படிச் சொல்லவே இல்ல. பூமிக்குப் பக்கத்துல சுத்துற சாட்டிலைட் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓடுது. அந்த வேகத்தாலதான் அது கீழே விழாம சுத்துது. நின்னா விழுந்துடும். ஆண்டு 6 பிள்ளைக்கு இது புரியும். நாளைக்கு அந்தப் பிள்ளை "அப்பா அனுப்புனது பொய்"னு கண்டுபிடிச்சா, அதோட சேர்த்து நாம சொல்லிக் கொடுத்த தேவாரத்தையும் சந்தேகப்படும். சனீஸ்வரரைக் கும்பிட நமக்கு நாசா சர்டிபிகேட் தேவையில்ல. பக்தி பக்தியா இருக்கட்டும், அறிவியல் அறிவியலா இருக்கட்டும்.

சரி, நல்லது எங்கே கிடைக்கும்னு கேட்பீங்க. நாங்க பார்த்து, வகுப்புல பயன்படுத்தினதை மட்டும் சொல்றோம். எல்லாமே இலவசம்.

1. டெலிமா. நம்ம கல்வி அமைச்சோட தளம். பாடநூல்கள் அதுல இருக்கு. பள்ளியில கொடுத்த ஐ.டி. போதும். பாஸ்வர்ட் மறந்திருந்தா வகுப்பாசிரியரைக் கேளுங்க.

2. ஃபெட். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல, நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002-ல ஆரம்பிச்சது. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாத்தையும் திரையில இழுத்து வச்சுப் பிள்ளைங்களே சோதிக்கலாம். சிலது தமிழ்லயும் இருக்கு.

3. அரவிந்த் குப்தா. ஐ.ஐ.டி.யில படிச்ச பொறியாளர், 2018-ல பத்மஸ்ரீ வாங்கினவர். ஸ்ட்ரா, தீக்குச்சி, காலி போத்தல் வச்சே விளையாட்டுப் பொருள் செய்யக் கத்துக் கொடுப்பார். காசு செலவே இல்ல.

4. ஸ்டெல்லேரியம். நம்ம ஊர்ப் பேரைப் போட்டா இன்னிக்கு ராத்திரி நம்ம தலைக்கு மேல இருக்கிற நட்சத்திரத்தைக் காட்டும். ஊரை மாத்த மறந்துடாதீங்க, இல்லாட்டி வேற நாட்டு வானத்தைக் காட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டு வீடியோவுல "ஆக்சிஜன்"னு சொல்லுவாங்க, நம்ம பள்ளியில "உயிர்வளி", இடைநிலைப்பள்ளி போனா மலாய்ல "ஒக்சிகென்". மூணும் ஒண்ணுதான்னு பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. சொல்லாட்டி "எனக்குப் புரியல"ன்னு ஒதுங்கிடுவாங்க. அறிவியல் கஷ்டம்னு பயப்படுற நிறையப் பிள்ளைங்களுக்குச் சொல்தான் கஷ்டம், அறிவியல் இல்ல.

எங்க கருத்து இவ்வளவுதான். கைப்பேசியைப் பிள்ளை கையில கொடுத்துட்டு நாம அந்தப் பக்கம் போயிட்டா, எவ்வளவு நல்ல வீடியோவும் வெறும் பொழுதுபோக்குத்தான். முதல் நாள் ராத்திரியே நாம ஒரு தடவை பார்த்து, செஞ்சும் பார்க்கணும். அப்புறம் பிள்ளை பக்கத்துல உட்காரணும். பிள்ளை கேள்வி கேட்டா "வாயை மூடு"ன்னு சொல்லாம, "வா, செஞ்சு பார்ப்போம்"னு சொல்லணும். படிப்பு இல்லாத நாங்களே செய்யுறோம், உங்களால முடியாதா?

வர்ற ஞாயிறு பிள்ளையை வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடாதீங்க. அரை மணி நேரம் கூட உட்காருங்க. வரும்போது வீட்டுல இருக்கிற காலி போத்தல் ரெண்டு எடுத்துட்டு வாங்க. நெருப்பு பத்த வைக்கிற வேலை பெரியவங்களுக்கு மட்டும்தான், அதுக்கும் ஆள் தேவை.

நாங்க இங்க எழுதினதுல தப்பு இருந்தாலும் தாராளமா சொல்லுங்க, திருத்திக்கிறோம். அந்தப் பாப்பா கத்துக் கொடுத்தது அதுதானே.


அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்